எல்லாரும் ஏறியாச்சா?

அந்தச் சபையாரிடம் நான் முதன்முதலாகப் பேசியது ஒரு திட்டு. அதுவும் குளியலறையில் நின்றுகொண்டு, கையில் ஈரத் துண்டோடு.

"பாட்டு இறங்கிக்கிட்டே போகுதுங்க! யாராவது கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்!"

கீழே பாட்டு சட்டென்று நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண்குரல், "யாரு அது?" என்று கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் முன்பு உடற்பயிற்சிக் கூடமாக இருந்த இடத்தை ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை வாடகைக்கு எடுத்திருந்தது. எங்கள் குளியலறைச் சன்னல் குழாய்கள் இறங்கும் சந்தைப் பார்த்தபடி இருக்கும். மேலே கொஞ்சம் வானம், கீழே கொஞ்சம் சாக்கடைத் தண்ணீர், எதிரே சுவர். கட்டடத்தின் வம்பெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். இரண்டாம் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை, நான்காம் மாடியில் கருகும் வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு. வேறு வழியாக எதுவும் வராது. வாசல் கதவு வெளியில் பூட்டியிருந்தது.

நான் கூடவே தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி. அந்த வீட்டு ஐயா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நினைவும் அவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த ஆள் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஐயா வெளியே நழுவிப் பெரிய சாலையின் நடுவில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, "இறங்குப்பா, இது என் வண்டி" என்றிருக்கிறார். அன்றைக்கே அவர் மகன் கதவுக்கு வெளியே ஒரு கொண்டியும் பூட்டும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்கறி, மருந்து எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து திறப்பார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். போகும்போது பூட்டிவிட்டுப் போவார்.

நல்ல மனிதர்தான். எனக்கு எரிச்சலே அதில்தான். கெட்டவனாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கலாம்.

"சார், எனக்கு ஒரு சாவி குடுங்க. உள்பக்கம் பூட்டிக்கிறேன்."

"அப்பா உங்க கையில இருந்து பிடுங்கிட்டா?"

"வீட்டுல நெருப்பு பிடிச்சா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

என் நல்லது எதுவென்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று போனில் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாம்தான். கிளம்பி எங்கே போவது?

நான் விடுதியில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக யாரோ விட்டுப்போன என்னை எடுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, வயது வந்ததும் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து வாசலில் விட்டார்கள். அதற்கெல்லாம் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே சாப்பாட்டு மணி அடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். பிந்தி வந்தால் உங்கள் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கவிழ்ந்த தட்டை நிமிர்த்தக் கூடாது. துணி துவைக்கும் முறை எனக்கு வரும் நாளெல்லாம் என் தட்டு கவிழ்ந்துதான் இருக்கும். ஈரக் கையோடு வாசலில் நின்று, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த விடுதியை விட்டு வந்த பிறகு எந்தச் சர்ச் படியையும் நான் மிதிக்கவில்லை.

ஆகவே எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு சாவி. கதவைத் திறந்து, படியிறங்கி, ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, நானாகவே திரும்பி வந்து கதவைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐயாவும் என்னைப் போலத்தான் அடைபட்டுக் கிடந்தார். காலையில் சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு சன்னலோர நாற்காலியில் உட்காருவார். இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான்தான் அவருடைய கண்டக்டர்.

"கண்டக்டர், எல்லாரும் ஏறியாச்சா?"

வந்த புதிதில் வேடிக்கையாக நினைத்து, "ஏறியாச்சு ஐயா, ரைட்!" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நேராக வாசல் கதவுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. கை வீங்கும்வரை தட்டினார். "ஜனங்க நிக்கிறாங்க, வண்டி நகரல" என்று குழந்தை மாதிரி அழுதார். அதிலிருந்து நான் ரைட் சொல்வதை விட்டுவிட்டேன். எத்தனை தடவை கேட்டாலும், "இன்னும் ஆள் வரணும் ஐயா" என்பேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுக் காத்திருப்பார். ஆளை ஏற்றாமல் வண்டியை எடுக்கிற டிரைவர் இல்லை அவர். வராத ஆளுக்காக ஒரு மனிதரைப் பொழுதுக்கும் காக்க வைக்கிறோமே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கும்.

திட்டிய மறுவாரம், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் சந்தின் அடியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"மேல இருக்கிற அம்மா! இருக்கீங்களா?"

சன்னலின் கண்ணாடிப் பட்டை ஒன்றை உருவிவிட்டு எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, சாக்கடைத் தண்ணீரில் நின்றிருந்தார்.

"நான்தான் இங்க பாஸ்டர். போன வாரம் நீங்க சொன்னது சரிதான். எடுத்த இடம் ஒண்ணு, முடிச்ச இடம் ஒண்ணு."

"அதைச் சொல்லவா தண்ணியில இறங்கினீங்க?"

"நான் பிளம்பர்மா. வாரம் பூரா இதுலதான் நிக்கிறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பிரசங்கம்." அவர் அண்ணாந்து சிரித்தார். "இறங்கி வாங்களேன், பாட்டை நீங்களே எடுத்துக் குடுங்க."

"கதவு பூட்டியிருக்கு."

"திறந்துட்டு வாங்க."

"வெளியில பூட்டியிருக்குங்க."

சிரிப்பு போய்விட்டது. பிறகு, "அப்ப மேல இருந்தே எடுத்துக் குடுங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நான் சுருதி கொடுப்பேன். கீழே பாட்டை நடத்துகிற தையல்கார அக்கா அதைப் பிடித்துக்கொள்வாள். ஊசி மாதிரி குரல் அவளுக்கு. கொஞ்சம் விட்டால் குத்திவிடும். ஆராதனை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்துக்குள் வந்து நின்று எனக்கு எல்லாச் செய்தியும் சொல்வாள். உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிகளை யாரும் கழற்றவில்லையாம். "அதனால நாங்க இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு தெரிவோம். புதுசா வர்றவங்க பெரிய சபைன்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க" என்பாள்.

ஒரு ஞாயிறு பாஸ்டர், "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, வாளியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நான் நிக்கிறேன்!" என்று கத்தினேன்.

கீழே எல்லாரும் கைதட்டினார்கள். என்னை ஒருவராலும் பார்க்க முடியாது. ஆனாலும் கைதட்டு நிற்கும்வரை நான் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றேன். குளியலறையில் நின்று எதற்கு அழுகிறோம் என்று புரியாமல் அழுதேன்.

பாஸ்டர் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம் மகன் வந்திருந்தபோது மேலே வந்து, கதவைப் பூட்டாமல் வேறு வழி பார்க்கலாமே, நாங்களும் முறைவைத்து உதவுகிறோமே என்று தன்மையாகச் சொன்னார். மகனும் தன்மையாகவே, "இது எங்க குடும்ப விஷயங்க" என்றார். பாஸ்டர் போன பிறகு மகன் என்னிடம் திரும்பினார்.

"கீழ இருக்கிறவங்ககிட்ட வீட்டு விஷயம் எதுக்கும்மா? ஏதாவது பிரச்சினையாயிடும். அந்த பாத்ரூம் சன்னலுக்கு அடுத்த வாரம் பலகை அடிச்சிடலாம். நாத்தமும் வராது."

நாற்றம்! ஞாயிற்றுக்கிழமையை அடைக்கப் போகிறார், அதற்கு நாற்றம் என்று பெயர் வைக்கிறார். அன்றிரவு தூக்கமே இல்லை. சுவர்கள் முன்னைவிட நெருங்கி வந்துவிட்டன.

மறுநாள் பாஸ்டர் ஏதோ குழாய் வேலையாகச் சந்துக்குள் வந்தார். பலகை விஷயத்தைச் சொன்னேன். இந்த ஞாயிறுதான் கடைசி என்றேன்.

"இந்த ஞாயிறு திருவிருந்து, அப்பம் பிட்டுக் குடுக்கிற நாள்" என்றார். "ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களாம்மா?"

"எனக்கே தெரியாம எடுத்து வெச்சிருக்காங்க."

"விசுவாசம்?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதெல்லாம் தெரியல. ஆனா ஞாயித்துக்கிழமை இல்லைன்னா செத்துடுவேன்னு தோணுது."

அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே, "ஆரம்பிக்க அது போதும்" என்றார்.

ஞாயிறு காலை ஐயாவுக்குச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். தையல்கார அக்கா கீழே காத்திருந்தாள். வெள்ளைத் துணியில் உள்ளங்கையளவு பை ஒன்று தைத்து வந்திருந்தாள். எனக்கான அப்பத்தை அதில் வைத்து மேலே இழுத்துக்கொள்ள நான் கொடிக்கயிற்றை இறக்கினேன். முதலில் பாட்டு, பிறகு ஜெபம், பிறகு அப்பத்தைப் பிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள்.

"நம்ம சபையில ஒரு பழக்கம் உண்டு" என்று அக்கா கீழிருந்து சொன்னாள். "கடைசி ஆள் கைக்கு வர்ற வரைக்கும் யாரும் வாயில வெக்க மாட்டோம். இன்னைக்கு நீங்கதான் கடைசி. பார்த்து இழுங்க."

பார்த்துத்தான் இழுத்தேன். இரண்டாம் மாடி வந்ததும் குழாயைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் பை மாட்டிக்கொண்டது. கொஞ்சம் ஆட்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். துணி கிழிந்து அப்பம் சாக்கடைத் தண்ணீரில் விழுந்தது.

பாஸ்டர் சந்துக்குள் வந்து, குனிந்து, தண்ணீரில் ஊறிய அப்பத் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. பெற்றவளுக்கே வேண்டாதவளாகப் பிறந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

"நீங்க சாப்பிடுங்க!" என்று கத்தினேன். "எனக்காக உட்கார்ந்திருக்க வேணாம்!"

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆராதனையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்து, உருவிய கண்ணாடிப் பட்டையைத் திரும்பச் செருகினேன். அப்போது வாசல் பக்கமிருந்து சத்தம் வந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை, கூட்டம்.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கைப்பிள்ளை ஒன்று அழுதது. யாரோ ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கதவுக்கடியில சந்து இருக்கு பாருங்க, தள்ளி விட்டுடலாமே" என்றார்.

"ஜெயில்ல தட்டு தள்ற மாதிரியா?" என்று தையல்கார அக்கா சீறினாள்.

பாஸ்டர் கதவருகே வந்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கதவுக்கடியில வர்றதை நான் வாங்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. "கையில குடுத்தா வாங்கிக்கிறேன். இல்லைன்னா வேணாம். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

"சரி. அப்ப கதவு திறக்கட்டும்" என்றார் பாஸ்டர். எல்லாரும் படிகளில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மகன் மதியம்தான் வருவார். அதுவரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் வெளியே வந்து, "என்னங்க இது, வழியை மறிச்சுக்கிட்டு?" என்று அதட்டியிருக்கிறார். "சாப்பிடக் காத்திருக்கோம்" என்றிருக்கிறாள் அக்கா. "எதை?" என்று கேட்டவருக்கு உள்ளங்கையை விரித்து அந்தச் சின்னத் துண்டைக் காட்டியிருக்கிறாள். மனிதர் ஒன்றும் புரியாமல் உள்ளே போய், மூச்சு வாங்கிய பெரியவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம்.

நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்தாள் போலிருக்கிறது. பலகை லேசாக அசைந்தது.

"அக்கா, அப்பம் காஞ்சு போயிருக்குமே."

"காயட்டும்."

"குழந்தைங்களுக்குப் பசிக்கும்."

"பசிக்கட்டும். நீ சும்மா இரு."

முதல் தடவையாக என்னை நீ என்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. என் தட்டைக் கவிழ்த்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்தவர்கள் யாரையும் அதற்குமுன் நான் கண்டதில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

சன்னலோரத்திலிருந்து ஐயா கேட்டார்: "கண்டக்டர், எல்லாரும் ஏறியாச்சா?"

"இன்னும் ஆள் வரணும் ஐயா" என்றேன். அன்றைக்குத்தான் அது பொய்யில்லை.

மகன் வந்தது எனக்குக் காலடியிலேயே தெரிந்துவிட்டது. வழக்கம்போல மெதுவாக ஏறிவந்தார். முதல் மாடித் திருப்பத்தில் காலடி நின்றது. அவர் கண்ணால் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? தன் அப்பாவின் வீட்டு வாசல்வரை படி நெடுக ஆட்கள், நல்ல உடுப்பு உடுத்தி, பேச்சில்லாமல், தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வீட்டில் அப்படி உட்காருவார்கள்?

காய்கறிப் பை கீழே விழுந்தது. உருளைக்கிழங்கு படியில் உருண்டது.

"அப்பா!"

அந்தக் கூப்பாடு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆட்களைத் தாண்டி ஓடிவந்தார். பூட்டு கொண்டியில் மோதிக் கடகடவென்றது. சாவி உள்ளே போகவில்லை. "ஐயோ, திறக்கலையே... திறக்க மாட்டேங்குதே..." என்று அழுதுகொண்டே குத்தினார்.

"சார், ஐயா நல்லா இருக்கார்! நல்லா இருக்கார் சார்!" என்று நான் உள்ளிருந்து கத்தினேன். அவர் காதில் அது விழவில்லை. கதவை இரண்டு கையாலும் அறைந்தார். ஐயா அறைந்த அதே இடம்.

பாஸ்டர் தன் அப்பத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து சாவியை வாங்கித் திறந்தார்.

மகன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அப்பாவின் காலடியில் விழுந்தார். மடியில் முகத்தைப் புதைத்துத் தேம்பினார். ஐயா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் தலையில் வைத்தார்.

"யாருப்பா நீ? டிக்கெட் எடுத்தியா?"

நான் வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. அவர்கள் முகங்களை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். அக்கா நான் நினைத்ததைவிடக் குட்டை. ஒவ்வொருவர் கையிலும் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. பாஸ்டர் தன்னுடையதைத் திரும்ப வாங்கி, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்தார். உங்களுக்காகப் பிட்கப்பட்டது என்று சொன்னார். விடுதியில் கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தைதான். அது என்னிடம் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான்.

நான் சாப்பிடவில்லை. எனக்காக அவர்களும் இன்னும் வாயில் வைக்கவில்லை. மகன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மற்றக் கையை நீட்டினேன்.

"சாவி, சார்."

அவர் பூட்டைப் பார்த்தார். கதவை அறைந்து சிவந்த தன் கையைப் பார்த்தார்.

"திறக்க முடியாம நின்னப்ப... உசிரே போயிடுச்சு" என்றார்.

"எனக்குத் தினமும் அப்படித்தான் சார்."

பாஸ்டர் சாவியை அவரிடம் கொடுத்தார். மகன் அதை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார்.

அதற்குள் ஐயா எழுந்து வந்துவிட்டார். வாசலில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டைப் பார்த்தார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், வரிசை வரிசையாக உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை ஜனத்தை அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்றோ. முகம் மலர்ந்துவிட்டது. தையல்கார அக்கா எழுந்து வந்து அவர் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள்.

"கண்டக்டர்" என்றார் ஐயா. "எல்லாரும் ஏறியாச்சா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் அப்பமுமாக வாசற்படியைத் தாண்டி அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"ஏறியாச்சு ஐயா" என்றேன். "போலாம், ரைட்!"

படிக்கட்டு முழுவதும் அப்பத்தோடு கைகள் வாய்க்குப் போயின.